சிபாரிசு செல்லாது

"பஞ்சாயத்துத் தலைவர் கடுதாசியெல்லாம் இங்க செல்லாதுங்கண்ணே. ஓட்டிக் காட்டுனாத்தான் சாவி," என்றாள் ஷர்மிளா.

ஆண்டிச்சாமி கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். கூக்காலில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர். பூண்டு மூட்டை ஏற்ற ஒரு பழைய பிக்கப் வண்டி பார்த்து, விலையும் பேசி முடித்தாயிற்று. சாவி வாங்குவதுதான் பாக்கி.

ஆனால் பழனியில் ஞானவேல் கார் கன்சல்டிங்கில் வண்டி வாங்குவது அப்படி லேசுப்பட்ட காரியமில்லை. வாங்குகிறவர் மலைப்பாதையில் கடை ஜீப்பை ஓட்டிக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் மந்திரியே வந்தாலும் வண்டி கிடையாது. நாற்பது வருடமாக இதுதான் வழக்கம். அந்தக் கடையில் வாங்கிய வண்டி ஒன்றுகூட இதுவரை பள்ளத்தில் விழுந்ததில்லை என்று மலை முழுக்கப் பேச்சு.

ஜீப்பில் ஏற்கெனவே ஒரு பெரியவர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை, நெற்றி நிறைய விபூதி.

"முதல்ல இவரு சவரிக்காடு வரைக்கும் ஏத்தி, பாதி மலை இறக்குவாரு. அங்கேருந்து நீங்க ஓட்டணும்," என்று சொல்லிவிட்டு, ஷர்மிளா நோட்டும் கையுமாக முன்சீட்டில் ஏறினாள்.

பின்சீட்டில் இருந்து ஆண்டிச்சாமி பேச்சுக் கொடுத்தார். "ஐயா என்ன வண்டி வாங்குறீங்க?"

"என்ன தம்பி?"

ஆண்டிச்சாமி சத்தமாகக் கேட்டார்.

"வாங்க வரலப்பா. மலையூருகளுக்கு இலவச வண்டி ஓடுதுல்ல, அதை முப்பது வருசமா நாந்தான் ஓட்டுறேன். அதுக்கும் வருசா வருசம் ஓட்டிக் காட்டணும்."

ஆண்டிச்சாமி உட்கார்ந்தபடியே கும்பிட்டார். அந்த வண்டியைத் தெரியாதவர் மலையில் யார் இருக்கிறார்கள்? ஞானவேல் முதலாளி சொந்தச் செலவில் விட்டிருக்கும் வண்டி. பிரசவமோ பாம்புக்கடியோ, ஒரு போன் போட்டால் மழையானாலும் பனியானாலும் ஏறி வந்துவிடும். முதலாளியையும் ஆண்டிச்சாமி பார்த்ததில்லை, ஓட்டுகிறவரையும் இன்றுதான் கிட்டத்தில் பார்க்கிறார்.

"புண்ணியவான்யா நீங்க. உங்களுக்குப் போயி பரிட்சையா?" என்றார்.

பெரியவர் சிரித்தார்.

ஏற்றத்தில் அவர் ஓட்டிய அழகே அழகு. கியர் மாறியதே தெரியவில்லை. ஆண்டிச்சாமி தன் பயத்தை மறந்து, அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். சவரிக்காட்டில் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது மேகம் இறங்கிப் பாதையை மூடிவிட்டது. ஜீப் மெதுவாக இறங்கியது.

வளைவுக்கு அந்தப் பக்கம் ஹாரன் கேட்டது. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் ஒதுங்க வேண்டும். ஜீப் ஒதுங்கவில்லை. மறுபடியும் ஹாரன். அப்போதும் ஒதுங்கவில்லை. மூன்றாவது ஹாரன் வெகு பக்கத்தில் அலறியது.

"பஸ்ஸு! ஒதுக்குங்க!"

ஷர்மிளா போட்ட சத்தத்தில் ஜீப் பாறை ஓரமாகப் போய் நின்றது. பஸ் உரசாத குறையாகக் கடந்து போனது.

ஷர்மிளா நோட்டைத் திறந்தாள். பேனா தாள்மேல் அப்படியே நின்றது. பிறகு ஒரே வரி எழுதி மூடிவிட்டு, பெரியவர் காதருகே சாய்ந்தாள்.

"மூணு தடவை ஹாரன் அடிச்சாங்க. உங்களுக்குக் கேக்கல. இனிமே நீங்க இலவச வண்டியை எடுக்கக் கூடாது. அதோட சாவியைக் குடுங்க."

பெரியவரின் முகம் வாடிவிட்டது. "இந்தத் தைப்பூசம் வரைக்குமாவது... பாதயாத்திரை வர்ற சனத்துக்கு வண்டி வேணுமே."

"வண்டி போகும். நீங்க ஓட்ட மாட்டீங்க."

அவள் கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

ஆண்டிச்சாமிக்குப் பொறுக்கவில்லை. அடுத்துத் தன் பரிட்சை இருக்கிறது, இவளைப் பகைத்தால் பிக்கப் கைவிட்டுப் போய்விடும் என்று தெரியும். போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

"என்ன தாயி பேசுற நீ? முப்பது வருசமா எத்தனை உசுரைக் காப்பாத்துன மனுசன்! ஒருநா ஹாரன் கேக்கலைன்னா சாவியைப் புடுங்கிருவியா? கடையில சம்பளத்துக்கு வந்த பிள்ளைக்கு இம்புட்டு அதிகாரமா?"

"அண்ணே, அடுத்து நீங்க ஓட்டணும். முன்னாடி வாங்க."

"எனக்கு வண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் நேரா முதலாளிகிட்டயே போயிச் சொல்றேன். இந்த அநியாயத்துக்கு ஞானவேல் முதலாளி சம்மதிப்பாரான்னு பாத்துருவோம்!"

பெரியவர் ஜீப்பை விட்டு இறங்கினார். சட்டைப் பையில் இருந்து சாவியை எடுத்து, ஒரு தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டார். சுற்றி வந்து ஷர்மிளாவின் உள்ளங்கையில் வைத்தார். வாடிய முகத்தில் இப்போது பெருமை தாங்கவில்லை.

"ஞானவேல் சம்மதிச்சுட்டான் தம்பி," என்றார். "பெத்த அப்பன்னுகூடப் பாக்காம சாவியை வாங்குறா பாத்தீங்களா, இவதான் எம் மக!"