மலைச் செடியில் உப்பு

கட்டியவர் சொல்லை நம்பியதற்கு ஆன விலை, இலை ஒன்றுக்குச் சோதனைக் கூலி நாலாயிரம். அவர் கொண்டுவந்தது மட்டும் அறுபது இலை என்பதால் பேரம் பேசி இலைக்கு முந்நூறு குறைத்தேன்.

சோதனை முடிவு இன்று காலை வந்தது. நானும் தோழியும் ஒரே திரையில் தலை முட்டப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து வருட ஆராய்ச்சி. கட்டுரையில் முதல் பெயர் எனது, இரண்டாவது அவளுடையது.

செடி ஒன்றுதான். கடற்கரையிலும் தானாக முளைக்கும், மலையுச்சியிலும் முளைக்கும். மரபணுவைப் பிரித்துப் பார்த்தால் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி. ஆனால் வளர்ந்த இடம் அந்த மரபணுவின் மேல் தன் குறியைப் போட்டு வைக்கும். குளிருக்கு ஒரு குறி, உப்புக்கு வேறு குறி. ஒரே கடற்கரையில் செடி மண்டிய திட்டுக்குத் திட்டுகூட வித்தியாசம் தெரியும்.

கடற்கரையில் ஆறு திட்டு, திட்டுக்குப் பத்து இலை. பறித்தது நாங்கள் இருவரும்.

மலை மட்டும் என் வீட்டுக்காரர் பொறுப்பு. "உன் முட்டிய வச்சுக்கிட்டு நீ எங்க ஏறுவ? நான் போயிட்டு வரேன்" என்றார்.

ஆறு முறை போனார். ஒவ்வொரு முறையும் இரண்டு இரவு, பத்து இலை. திரும்பி வந்ததும் கால் பிடித்துவிட்டது நான்.

மலை இலைகள் அறுபதில் ஒன்றில்கூட குளிரின் குறி இல்லை. உப்பு அப்பிக்கிடந்தது.

எங்கே வளர்ந்தாலும் மரபணு ஒன்றுதான் என்று சாப்பாட்டு மேசையில் நான் சொன்னபோது கவனமாகக் கேட்டவர்தான். குறிகளைப் பற்றிச் சொன்னபோது போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பாதிப் பாடம் கேட்டுவிட்டுப் பரீட்சை எழுதியிருக்கிறார், பாவம்.

ஏறச் சோம்பல் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை மன்னித்தும் இருப்பேன்.

சரி, கடற்கரையில் எந்தத் திட்டு என்று ஒப்பிட்டுப் பார்த்தேன். அறுபதும் நேராக நான்காம் திட்டோடு போய் ஒட்டிக்கொண்டன.

"மெஷின் கோளாறுடி. அந்த அறுபதையும் தூக்கிப் போட்டுடலாம்" என்றாள் தோழி. ஓர் இலை வீணானாலே மூன்று நாள் புலம்புகிறவள்.

"எதுக்குடி தூக்கிப் போடணும்? இலை நல்ல இலைதான். ஒட்டின சீட்டுதான் தப்பு."

பட்டியலைத் திறந்து திருத்தினேன். அவள் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

மலையுச்சி: அறுபதை அடித்துப் பூஜ்யம்.

நான்காம் திட்டு, அவள் வீட்டுக் கொல்லைப்புற வேலியோரம்: பத்தும் அறுபதும், எழுபது.