வலது கண்

ஒளியிழைத் தகவல்தொடர்பில் இருபத்தாறு வருடம் ஆராய்ச்சி செய்த பேராசிரியர் வேதமுத்து, அன்று அடுத்த அறையில் போனில் பேசிக்கொண்டே, "லேசரை அணைச்சாச்சும்மா, பாரு" என்றார். அவர் அணைத்திருக்கவில்லை. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. லேசர் பாயும் கண்ணாடி இழையின் முனையில் தூசி இருக்கிறதா என்று ஆராய்ச்சி மாணவி ரெஜினா லென்ஸ் வைத்துக் குனிந்து பார்த்தாள். வலது கண்ணின் நடுவில் விழுந்த கரும்புள்ளி இனிப் போகாது என்றார்கள் டாக்டர்கள்.

விசாரணைக் குழு கேட்டபோது முதலில் வேதமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "பாதுகாப்புக் கண்ணாடி போடாதது என் தப்புதான் சார்" என்றாள். பக்கத்தில் வேதமுத்து மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே மாடிப்படியருகே ஓடிப்போய் அவளை நிறுத்தினார். "ஏம்மா அப்படிச் சொன்னே?"

"நீங்க சொல்வீங்கன்னு காத்திருந்தேன் சார். நீங்க பேசல. என் தீசிஸ்ல கையெழுத்துப் போட வேண்டியவரும் நீங்கதான்."

"இப்ப வேணா திரும்பிப் போய்ச் சொல்லிடட்டுமா?"

"அதையும் நானே சொல்லணுமா சார்?"

படிக்கட்டின் கைப்பிடிக்குக் கையை நீட்டினாள். முதல் தடவை பிடி தவறியது. மறுபடி தடவிப் பிடித்து இறங்கினாள். குழு உட்கார்ந்திருந்த அறையின் கதவு இன்னும் திறந்துதான் இருந்தது.