காலியான பெஞ்சு

பேஸ்பால் ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் பந்து வீசி முடித்து, வீரர்கள் உட்காரும் டக்அவுட்டுக்கு வெண்டல் திரும்பியபோது, பெஞ்சின் அந்தக் கோடி அவனுக்காகக் காலியாக இருந்தது.

வலது தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். அவன் பந்தில் எதிரணி இன்னும் ஒரு ஹிட்கூட அடிக்கவில்லை. கடைசிவரை அப்படியே முடிவது மிக அபூர்வம்.

இப்படி ஓர் ஆட்டம் போய்க்கொண்டிருக்கும்போது பந்து வீசும் பிட்சரிடம் யாரும் பேசமாட்டார்கள். பேசினால் ராசி கெட்டுவிடும். வாய் ஓயாத கேட்சர் கார்வின்கூடத் தள்ளி நின்று சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிக்கொண்டிருந்தான்.

வெண்டலுக்கு முப்பத்தைந்து வயது. முழங்கையில் இரண்டு அறுவை சிகிச்சை. நாட்டின் முதல்தர அணிகள் ஆடும் பெரிய லீக்கில் ஒரே ஒரு வாரம், அதுவும் எப்போதோ. மற்றதெல்லாம் இதுபோன்ற சின்ன ஊர்கள், நீண்ட பேருந்துப் பயணங்கள்.

என்றைக்கு வேண்டுமானாலும் அணியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தான். இன்றைக்குக் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னும் மூன்று பேரை அவுட்டாக்கிவிட்டால் யாருக்கும் அதற்கு மனசு வராது.

படியில் ஒருவன் இறங்கிவந்தான். புது பிட்சர் டெஸ்மண்ட். விமான நிலையத்திலிருந்து நேராக வந்திருந்தான். சீருடையில் மடிப்புகூடக் கலையவில்லை. வெண்டலின் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

“வாழ்த்துகள்ணே! உங்க லாக்கரத்தான் எனக்குக் குடுத்திருக்காங்க. பெரிய லீக்குல கூப்பிட்டுட்டாங்களா?”

“டேய், வாய மூடுறா! ராசியக் கெடுத்துட்டியேடா பாவி!” கார்வின் பாய்ந்து வந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு மைதானத்தையே பார்த்தார்.

பெரிய லீக்கில் கூப்பிட்ட பிட்சரை அன்றைக்குப் பந்து வீச விடமாட்டார்கள். கைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வெண்டலுக்கு அது தெரியும். அப்படிப் பலரைக் கட்டிப்பிடித்து வழியனுப்பியிருக்கிறான்.

மட்டை பிடித்த அவன் அணியில் மூன்றாவது ஆளும் அவுட்டானான். வெண்டல் துண்டை மடித்து வைத்துவிட்டு, கையுறையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

மைதானத்தின் நடுவே நடக்கும்போது மதியம் உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தது நினைவுக்கு வந்தது. அவனைப் பார்த்ததும் சீட்டாட்டம் பாதியில் கலைந்தது. கார்வின் குனிந்து, கட்டிய ஷூ கயிற்றையே மறுபடி அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். அங்கும் ஒருவரும் அவனிடம் பேசவில்லை.

அப்போது அவன் ஒரு பந்துகூட வீசியிருக்கவில்லை.