மடிக்கணினிக்குப் புரியாத பேச்சு

லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் பழைய மடிக்கணினி ஒன்றுக்கு வைஃபை பழுதாகிவிட்டது. அதன் சொந்தக்காரி மகிழினி, லினக்ஸுக்கு ஒத்துவருமா என்று விசாரிக்காமலே, அழகாக இருக்கிறதே என்று நகத்தளவு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றை வாங்கிவந்து செருகினாள்.

செருகியதும் அடாப்டர் பேச ஆரம்பித்தது.

"என்னப்பா சொல்றே? ஒண்ணும் புரியலையே," என்றது மடிக்கணினி.

அடாப்டர் விளக்கை மினுக்கி மினுக்கி மறுபடியும் சொன்னது. நிறுத்தி நிதானமாகவும் சொல்லிப் பார்த்தது. மடிக்கணினிக்கு எல்லாம் வெறும் இரைச்சலாகத்தான் கேட்டது.

"சும்மா தொணதொணக்காதே, வாயை மூடு!" என்று எரிந்து விழுந்தது.

மகிழினி அடாப்டரைப் பிடுங்கினாள். வெளியே வரும்போதும் அது மெதுவாக ஏதோ சொன்னது. "தண்டச் செலவு" என்று அதைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

மறுநாள் கைபேசியைக் கேபிளில் இணைத்து மடிக்கணினிக்கு இணையம் கொடுத்தாள். தேங்கிக் கிடந்த அப்டேட்டெல்லாம் வந்து இறங்கியது. அதில் அந்த அடாப்டரின் மொழியும், அதாவது அதைப் புரியவைக்கும் டிரைவரும், இருந்தது.

நேற்றைய இரைச்சல் ஒவ்வொன்றாகச் சொல்லாக மாறியது.

முதலில் அது சொன்னது, "நான் வந்துட்டேன்." அப்புறம், "உனக்கு வேண்டியதெல்லாம் வெளியே காத்துல நிக்குது. எனக்குக் கேக்குது, உனக்கு எப்படிச் சொல்றது?" கடைசியாக, பிடுங்கும்போது, "பரவாயில்லை, உன்மேல தப்பில்லை."

மடிக்கணினி பதறிப்போய்க் கைபேசியிடம் கேட்டது: "அது எங்கே? நான் அதுகிட்ட பேசணும்."

"குப்பை வண்டி காலையிலேயே வந்துட்டுப் போயிடுச்சே," என்றது கைபேசி.