வக்ஷக் காட்டிய துறை

சொக்தியப் பள்ளத்தாக்கில் வீடுகள் எரிந்து, காலை வெயில் புகைக்குள் மஞ்சளாய்க் கலங்கிக் கிடக்கிறது. கிரேக்க அரசனின் படை, பிடிபட்ட பெண்களைக் கயிற்றில் பிணைத்து ஆற்றங்கரைக்கு ஓட்டி வருகிறது. ஆற்றை நடந்தே கடக்கும் துறையை நேற்று அந்தப் படைக்குக் காட்டிக்கொடுத்தவன் வக்ஷக். அவர்கள் கொடுத்த ரொட்டியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நிற்கிறான். எதிரே, அந்தக் கயிற்றில் பிணைபட்டு அவன் அண்ணி ஷைன். அவள் பாவாடையைப் பிடித்தபடி சின்ன மகள். "ஊரத் தொடமாட்டோம்னு சொன்னாங்க, அண்ணி." "அத ஒங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க. மதிலடியில பொணமா கெடக்காரு." அவன் தலை தாழ்கிறது. "தரையில என்னத்தத் தேடுறீங்க, கொழுந்தனாரே? என் கையக் கட்டியிருக்கு. பாப்பாவ நீங்க தூக்கிக்கிட்டு வாங்க. ஆழமில்லாத எடம் ஒங்களுக்குத்தானே தெரியும்." குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு அவன் நீரில் இறங்குகிறான். "நீ இருக்கேல்ல சித்தப்பா, எனக்குப் பயமில்ல" என்று அது அவன் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொள்கிறது.