எலி வளைதான்

சேறு செருப்பை இழுத்துப் பிடித்து, பிறகு மனசில்லாமல் விடுகிற சத்தம். சொளக், சொளக். சர்வேயர் குப்புராஜ் எங்கள் ஏரிக்கரைத் தெருவுக்கு வந்தது அந்தச் சத்தத்தோடுதான். 1988, மாசி மாதம், மேற்குத் தாம்பரம் தாண்டி.

ஏரி எங்கே முடிகிறது என்று குறிக்க வந்திருந்தார். எல்லைக் கற்களைக் காணோம். அவற்றில் பாதி எங்கள் வீடுகளில் துணி துவைக்கும் கல்லாக இருந்ததை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

மனு போட்டவர் தெரு நலச் சங்கச் செயலாளர் லக்ஷ்மிநாராயணன். "மீன் விக்கிற செல்வமேரியோட குடிசை ஏரிக்குள்ள இருக்கு சார். குறிச்சுக் குடுத்தா இடிச்சிடுவாங்க."

"கல்லு இல்லாட்டி பரவால்ல. நண்டு வளை இருக்கிற வரைக்கும் ஏரி. எலி வளை வந்தா ஏரிக்கு வெளியே," என்றார் குப்புராஜ்.

முதல் வளை லக்ஷ்மிநாராயணன் வீட்டுத் தென்னைமரத்தடியில் இருந்தது.

"அது எலி சார்."

"கை விட்டுப் பாருங்களேன்."

விட்டார். அலறிக்கொண்டு எடுத்தபோது விரலில் ஒரு நண்டு தொங்கியது.

"எலிக்குக் கொடுக்கு முளைச்சிருக்கு சார்," என்று சொல்லி, அவர் தோட்டத்தில் பாதியை ஏரியில் சேர்த்தார் குப்புராஜ்.

"அவ இடத்தையும் பாருங்க." விரலில் கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு லக்ஷ்மிநாராயணன் முன்னால் நடந்தார். "டீச்சரம்மா, நீங்களும் வாங்க," என்று என்னையும் இழுத்துக்கொண்டு தெருவே பின்னால் போனது.

குடிசைக்குப் பின்னால் வளை இருந்தது. செல்வமேரி இரண்டு பெண் குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எலிதான் சார். நண்டா இருந்தா இத்தினி நாளு கொயம்பு வெக்காம வுட்ருப்பனா? இந்த வூடும் பூட்டா எங்க சார் போவேன்?"

குப்புராஜ் முழங்கை வரை கையை விட்டார். கண் மட்டும் ஒரு தரம் இறுக மூடித் திறந்தது.

"எலி வளைதான்." எடுத்த கையைச் சேற்றோடு பேன்ட் பைக்குள் நுழைத்துக்கொண்டு, இடது கையால் கோணல்மாணலாக எழுதினார்.

"வேற யாராவது விட்டுப் பாக்கணும்," என்றார் லக்ஷ்மிநாராயணன்.

"நீங்களே விடுங்க சார். உங்களுக்குத்தான் பழக்கம்."

ஒரு விரலும் முன்வரவில்லை.

"மீன் குழம்புக்கு விலை போயிட்டான்," என்றது தெரு. லஞ்சப் புகார் அன்று மாலையே தயார்.

அதற்கு முன்பே, நான் பஸ் ஸ்டாப்புக்குப் போகும் வழியில், கால்வாய் ஓரம் குந்தியிருந்தார் குப்புராஜ். பேன்ட் பையை வெளியே இழுத்து உதறினார். உள்ளங்கை அகல நண்டு ஒன்று விழுந்து தண்ணீருக்குள் ஓடியது. விரல் கிழிந்திருந்தது. பையெல்லாம் ரத்தம்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். "டீச்சரம்மா..."

"நான் எதையும் பார்க்கலை," என்றேன்.

புகார் மனு கையெழுத்துக்காக என் வீட்டுக்கும் வந்தது. போடவில்லை. உண்மையைச் சொன்னால் செல்வமேரியின் வீடு போகும். அதனால் அதையும் சொல்லவில்லை.

குப்புராஜை ராமநாதபுரத்துக்கு மாற்றினார்கள். கடைசிவரை பதவி உயர்வு இல்லாமல் அங்கேயே ரிட்டயர் ஆனார்.