ஷாங்காயில் காலை எட்டரை மணி

"ஏனுங்க, சாப்புட்டீங்களா?"

"இப்பத்தான் செல்வி. பிரெட் டோஸ்ட். ஷாங்காய்ல காலங்காத்தால எட்டரை மணிக்கு வேற என்ன கெடைக்கும்?"

தாமரைச்செல்வி சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் இருக்கும் பிளானோவில் முந்தின நாள் மாலை ஏழரை. ஆபீஸுக்குக் கிளம்புவதற்கு முன்னால் தினமும் இந்த நேரத்துக்குத்தான் இளமாறன் கூப்பிடுவான். 2001 ஜனவரியில் கம்பெனி அவனை சைனாவுக்கு அனுப்பியது. ஜூனில் ரோஷினிக்கு ஸ்கூல் முடிந்ததும் தாயும் மகளும் அங்கே போய்ச் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. இப்போது மே மாதம். குக்கரும் சாம்பார்ப் பொடியும் அடைத்த இரண்டு பெட்டிகள் ஹாலில் தயாராக நிற்கின்றன. டிக்கெட்தான் வரவில்லை.

ஆரம்பத்தில் அவன் போன் பண்ணினாலே ஒரே புலம்பல்தான். குடிக்கத் தண்ணீர் கேட்டால் வெந்நீர் தருகிறார்கள். பீன்ஸ் பொரியல் மாதிரி இருக்கிறதே என்று ஆசையாக வாங்கினால் நடுவில் பன்றிக் கறி. பக்கத்து வீட்டு அம்மா ஆளைப் பிடித்து நிறுத்திச் சம்பளம் எவ்வளவு என்று விசாரிக்கிறாள். வீட்டு விலாசத்தை சைனீஸில் எழுதி ஆபீஸில் கொடுத்த அட்டையைத் தொலைத்துவிட்டு, மூன்று மணி நேரம் டாக்ஸியிலேயே ஊரைச் சுற்றியது தனிக்கதை.

கொஞ்ச நாளாகப் புலம்பலே இல்லை. அதுதான் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் ரசம் நன்றாக இருக்கிறது என்றுகூட வாயைத் திறந்து சொல்லாத மனுஷன். அவனுக்குப் போய் ஷாங்காய் பிடித்துவிட்டதாம், நம்ப முடிகிறதா?

"புதுசா ஏதாச்சும் சொல்லுங்க."

"மார்க்கெட்ல தக்காளி என்ன விலைன்னு கேட்டேன். அந்தம்மா கட்டை விரலையும் சுண்டு விரலையும் நீட்டிக் காட்டுச்சு. போன் பண்ணச் சொல்லுதாக்கும்னு நானும் போனைத் தேடறேன். கடைசில பாத்தா, ஆறுன்னா அங்க அப்படித்தான் காட்டுவாங்களாம்!"

"இதைத்தான் போன வெள்ளிக்கிழமையும் சொன்னீங்க."

"அப்படியா? மறந்துட்டேன் போல."

முன்பெல்லாம் லைனில் அவள் பேசியது அவளுக்கே திரும்பி வந்து கேட்கும். இப்போது சுத்தமாக இருந்தது. சைனாக்காரன் கெட்டிக்காரன், சரி பண்ணிவிட்டான் போலிருக்கிறது. இந்த மனுஷனைத்தான் யாராவது சரி பண்ண வேண்டும்.

"ஏனுங்க, அபார்ட்மென்ட் காலி பண்றதுக்கு இந்த வாரமே நோட்டீஸ் குடுக்கோணும். எங்க டிக்கெட் என்னாச்சுங்க?"

"அதுக்கென்ன இப்ப அவசரம்? ரோஷினிக்கு ஸ்கூல் இன்னும் சரியா அமையல. ஆகஸ்ட்ல பாத்துக்கலாம்."

"போன மாசம் கேட்டதுக்கு ஜூலைன்னீங்க."

"சொன்னாக் கேளு கண்ணு."

அவள் பேச்சை மாற்றினாள். "மாடி வீட்டு ஜம்புநாதன் சாருக்கு வேலை போயிருச்சுங்க. பாவம், சோபாவை எல்லாம் வித்துப்போட்டு ஊருக்கே கெளம்பறாங்க. உங்க ஆபீஸ்லயும் இங்க பாதிப் பேரை லே-ஆஃப் பண்ணிட்டாங்களாமே? நல்ல வேளை, நீங்க அங்க இருக்கறீங்க. சாமிதான் காப்பாத்துச்சு."

"ம்."

வெறும் 'ம்'. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எனக்கு பயமா இருக்குதுங்க. நீங்க என்னமோ மறைக்கறீங்க. ஒடம்புக்கு ஏதாச்சுமா? இல்ல, அங்க வேற யாராச்சும்..."

"சேச்சே! உனக்கென்ன பைத்தியமா?"

"அப்புறம் ஏன் எங்களைக் கூப்பிட்டுக்க மாட்டேங்கறீங்க? குழந்தை தெனமும் டாடி எப்போன்னு கேக்குது. நான் என்னத்தைச் சொல்றது?"

அவன் பதில் சொல்வதற்குள் வெளியே சூறைக்காற்று எச்சரிக்கைச் சைரன் ஊத ஆரம்பித்தது. தாமரைச்செல்வி ஜன்னல் திரையை விலக்கினாள். வானம் பாசி பிடித்த மாதிரி பச்சையாக இருந்தது. பார்க்கிங்கில் நின்ற கார்கள் மேல் ஆலங்கட்டி சடசடவென்று விழுந்தது.

ரோஷினி ஓடி வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "மம்மி, டொர்னேடோ! ஐ ஆம் ஸ்கேர்ட்!"

இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷத்தில் இப்படியொரு வானத்தை அவள் பார்த்ததே இல்லை. பக்கத்தில் ஆளில்லாத நேரம் பார்த்தா இதுவும் வர வேண்டும்?

"என்னங்க, சைரன் ஊதுதுங்க! நான் என்ன பண்ணட்டும்? காரை எடுத்துட்டு எங்கயாச்சும் போயிரட்டுங்களா?"

"ஐயையோ, வெளிய போகாதே!" இளமாறன் கத்தினான். "கேரல்டனைத் தாண்டிருச்சு, நேரா உன் பக்கம்தான் வருது! குழந்தையைத் தூக்கிட்டு பாத்ரூமுக்குப் போ. பாத்டப்ல படுத்துட்டு, மேல மெத்தையை இழுத்துப் போட்டுக்க. சீக்கிரம்!"

ரோஷினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பாத்ரூம் வாசல்வரை ஓடியவள், அங்கேயே நின்றுவிட்டாள்.

"கேரல்டனா? அது இங்க பக்கத்து ஊராச்சே! சைனால இருக்கற உங்களுக்கு அது எப்படிங்க..."

"சைனாவாவது மண்ணாவது! வேலை போய், திரும்பி வந்து ஆறு வாரமாச்சு செல்வி. நீ குழந்தையைக் கெட்டியாப் பிடிச்சுக்க. நான் இங்க இர்விங்லதான் இருக்கேன், அரை மணியில வந்துர்றேன்!"